வலி என்னும் காவலாளி: தோலும் தொழுநோயும் நமக்குச் சொல்லும் வரலாறு



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பொட்டிபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். விரிப்பைச் சுருட்ட முனைந்த மாணவர் ஒருவர் நம்மை அழைத்தார். வாசற்படியிலிருந்து மூன்றாவது ஸஃப்பு வரை நான்கைந்து இடங்களில் இரத்தச் சுவடு பதிந்திருந்தது. அது ஒரு காலடியின் சுவடு. அந்தக் காலுக்குரிய பெரியவர் சுவரோரம் அமைதியாக அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களில் உழைத்தவர் அவர். "அட்டை கடிச்சிருக்கும், விடுங்க ஹஜ்ரத்" என்றார். மலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அட்டைக்கடி புதிதன்று. அது கடிப்பது தெரியாது. இரத்தம் வழிவதைக் கண்ட பிறகே தெரியும். ஆகவே நாமும் அதை நம்பினோம். ஆனால் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தபோது, பெருவிரலின் அடியில் கண்ணாடிச் சில்லு ஒன்று ஆழப் புதைந்திருந்தது. அதன்மீது நின்றே அவர் இரண்டு ரக்அத் தொழுதிருக்கிறார். அவருக்கு எதுவும் தெரியவில்லை.

நீரிழிவு நோயால் அவருடைய பாதங்கள் உணர்விழந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. "வலி இல்லாததால் நலமாக இருப்பதாகவே நினைத்தேன்" என்று அவர் சொன்னது நம்மைச் சிந்திக்க வைத்தது. வலி இல்லாமை நலமா? இக்கேள்விக்கு நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே விடை கண்ட வரலாறு ஒன்று உண்டு. அதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மலையின் காவலும் தோலின் காவலும்

பொட்டிபுரம் என்ற பெயர் நாடெங்கும் பேசப்பட்டதற்குக் காரணம் அதன் மலை. நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் நிலத்தடி ஆய்வுக்கூடம் ஒன்றைப் போடி மேற்கு மலைக்குள் அமைக்கும் திட்டத்திற்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அத்திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் இங்கு நம் பொருளன்று. விஞ்ஞானிகள் இந்த மலையைத் தேர்ந்ததன் காரணமே நமக்கு வேண்டும். வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் துகள்கள் கருவியைக் குழப்பாதிருக்க, அதனைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான கெட்டிப் பாறை தேவை. மலை தன் பருமனால் காக்கிறது.

நம் உடலைச் சுற்றி அல்லாஹ் அமைத்திருக்கும் வேலியின் பருமனோ சில மில்லிமீட்டர்தான். அதிலும் மேல்தோல் என்னும் வெளியடுக்கு பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்களவே இருக்கும். வளர்ந்த மனிதரின் தோலை விரித்தால் ஏறத்தாழ 2 சதுர மீட்டர் வரும். இந்த மெல்லிய போர்வை உடலின் நீர் வெளியேறாமல் தடுக்கிறது. கிருமிகள் உள்ளே புகாமல் தடுக்கிறது. மெலனின் என்னும் நிறமியால் வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொள்கிறது. வியர்வையால் உடலைக் குளிர்விக்கிறது. மேற்புறச் செல்கள் உதிர உதிர, அடியிலிருந்து புதியவை எழும்பிச் சுமார் 4 வாரங்களில் மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது.

இவ்வளவு இருந்தும் தோலை ஒரு முள் துளைத்துவிடும். ஒரு தீப்பொறி கருக்கிவிடும். தோட்டத்தில் தெளிக்கும் பூச்சிமருந்துகள் சில தோலின் வழியாகவே உடலுக்குள் ஊடுருவும். அத்தனை மெல்லியது எப்படி எழுபது, எண்பது ஆண்டுகள் ஓர் உடலைக் காக்கிறது? அதற்குள் பரவியிருக்கும் நரம்பு நுனிகளால்தான். தொடுதல், அழுத்தம், சூடு, குளிர், வலி ஆகியவற்றை அவை கணப்பொழுதில் அறிவிக்கின்றன. முள் தைக்கத் தொடங்கிய அந்த நொடியிலேயே கால் தானாக விலகிக்கொள்கிறது. தோலின் பெருங்காவல் அதன் உணர்வில் இருக்கிறது.

அந்நிஸா அத்தியாயத்தின் 56ஆம் வசனம், வேதனையைச் சுவைப்பதோடு தோலை இணைத்துப் பேசுவதை நாம் ஓதியிருக்கிறோம். இறைவசனத்தை மருத்துவப் பாடநூலாக ஆக்குவது நம் நோக்கம் அன்று. அது அச்சமூட்டி எச்சரிக்கும் வசனம். ஆயினும் தோலுக்கும் உணர்வுக்கும் உள்ள உறவை ஓதுவோர் சிந்தனைக்கு அது கொண்டுவருகிறது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இப்னு ஸீனா, தமது மருத்துவப் பெருநூலில், உடலுறுப்புகளுள் மிகச் சமநிலையானது தோல் என்றும், அதிலும் ஆட்காட்டி விரல் நுனியின் தோலே தொட்டறிவதற்கு ஏற்ற அளவுகோல் என்றும் கருத்துரைத்தார்.

அந்த உணர்வு போனால் என்ன ஆகும் என்பதைத் தொழுநோயின் வரலாறு காட்டுகிறது.

முன்னோர் காட்டிய வழி

தொழுநோயை நம் முன்னோர் பெருநோய் என்றனர், குட்டம் என்றனர். அரபியில் அது ஜுதாம். அந்நோயுற்றவரின் விரல்கள் குறைந்துகொண்டே போவதைக் கண்ட மக்கள், சதை தானாக அழுகி உதிர்கிறது என்று நம்பினர். அந்த நம்பிக்கையிலிருந்து அச்சம் பிறந்தது. அச்சத்திலிருந்து ஒதுக்கல் பிறந்தது.

தொழுநோயாளரிடமிருந்து விலகியிருக்கச் சொல்லும் ஹதீஸ் நம்மிடம் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தொழுநோயாளரின் கையைப் பிடித்துத் தம்முடன் ஒரே தட்டில் உண்ண வைத்ததாகத் திர்மிதீயில் ஓர் அறிவிப்பும் உண்டு. பின்னதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து விமர்சனம் இருக்கிறது. முன்னது எச்சரிக்கையைக் கற்பிக்கிறது. பின்னது அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைப்பதைக் கற்பிக்கிறது என அறிஞர்கள் இரண்டையும் இணைத்து விளக்கியிருக்கின்றனர்.

நடைமுறையில் நம் முன்னோர் என்ன செய்தனர் என்பதே தெளிவான விளக்கம். முஐகீப் (ரலி) அவர்கள் தொடக்க காலத்திலேயே இஸ்லாத்தை ஏற்ற நபித்தோழர். அவர்களுக்குத் தொழுநோய் இருந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பைத்துல்மால் என்னும் பொதுக் கருவூலத்தின் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். தம்முடன் அமர்ந்து உண்ணவும் செய்தார்கள். அவர்களுக்காக மருத்துவர்களையும் தேடினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கின்றனர். ஹிஜ்ரி 88ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 707இல், உமையாக் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் டமாஸ்கஸில் நோயாளிகளுக்கான இல்லம் ஒன்றை நிறுவினார். தொழுநோயாளர் பிறரிடம் கையேந்தாதிருக்க அவர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். நடக்க இயலாதவருக்குப் பணியாளும், பார்வையற்றவருக்கு வழிகாட்டியும் அளித்தார். நோய்க்கு மருந்து இல்லாத காலத்திலும் மனிதருக்கு உரிய மதிப்பு இருந்தது.

தமிழ்நாட்டில் கிடைத்த விடை

அதே நோய்க்கு ஆங்கிலேயர் ஆட்சி இயற்றிய சட்டம் வேறு விதமானது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், வறிய தொழுநோயாளரைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க அதிகாரம் அளித்தது. இத்தனைக்கும் 1873லேயே நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன், இது ஒரு நுண்ணுயிரியால் வரும் நோய் என்று கண்டறிந்துவிட்டார். இது முன்வினையோ குடும்பச் சாபமோ அன்று என்பது அப்போதே தெளிவாயிற்று. ஆனால் விரல்கள் ஏன் குறைகின்றன என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

அவ்விடையைத் தேடியவர் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர். கிறிஸ்தவ ஊழியர் குடும்பத்தில் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தை, அங்கே பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்குமாறு பிராண்ட் கேட்டார். வலுவிழந்த பிடியை எதிர்பார்த்தவரின் கை நொறுங்கிவிடும்போல் வலித்தது. தசையின் வலிமை அப்படியே இருக்கிறது. தன் பிடி எவ்வளவு கடுமையானது என்பதை அறியும் உணர்வுதான் அந்த நோயாளிக்கு இல்லை. அந்த ஒரு கைகுலுக்கலே அவருடைய வாழ்நாள் ஆய்வின் தொடக்கமாயிற்று.

மற்றொரு நாள், துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பித் திறந்தான். அவன் விரலிலிருந்து இரத்தம் சொட்டியது. சாவியின் விளிம்பு எலும்பு தெரியும் அளவுக்குச் சதையைக் கிழித்திருந்தது. அவன் சிரித்துக்கொண்டே நின்றான்.

பிராண்டும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு காயத்தையும் கணக்கெடுக்கத் தொடங்கினர். கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்ததால் ஒன்று; கைப்பிடியில் துருத்திய ஆணியால் ஒன்று; பொருந்தாத செருப்பால் ஒன்று. இரவில் உறங்கி எழும்போது சிலருக்கு விரலின் ஒரு பகுதியே காணாமல் போயிருந்தது. காரணம் அறிய இரவில் விழித்துக் காவலிருந்தனர். எலிகள் வந்து கடிப்பதும், உறங்குபவர் அசையாமல் கிடப்பதும் தெரிந்தது. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் வளர்க்கக் கொடுக்கப்பட்டன.

ஆக, சதை தானாக அழுகி உதிரவில்லை. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. தோலையும், தோலை ஒட்டிச் செல்லும் நரம்புகளையும் தாக்குவது. நரம்பு செயலிழந்தால் வலி நின்றுவிடும். வலி நின்றதும், நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நூறு முறை அறியாமலே தவிர்க்கும் சிறு காயங்களை அவர்களால் தவிர்க்க முடியவில்லை. காயம்பட்ட காலுக்கு ஓய்வும் கொடுக்கவில்லை. காயம் புண்ணாகி, புண் எலும்பை அரித்து, விரல் குறைந்தது. கண்ணிலும் இதுவே நடந்தது. பிராண்டின் மனைவியான கண் மருத்துவர் மார்கரெட், உணர்விழந்த கண்கள் இமைக்க மறந்து, உலர்ந்து, பார்வை இழப்பதைக் கண்டு அதற்கான சிகிச்சைகளில் ஈடுபட்டார்.

வேலூரில் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சைகள் வளர்ந்தன. 1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கப்பட்டது. உணர்விழந்த பாதத்திற்கென மென்மையான நுண்ணறை ரப்பரில் செருப்புகள் செய்யப்பட்டன. இன்று நீரிழிவு நோயாளிகளுக்கு மருத்துவர் எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததே. பிராண்ட் 1966இல் அமெரிக்கா சென்று, தொழுநோயாளரிடம் கற்றதை நீரிழிவாளரின் பாதங்களுக்குப் பயன்படுத்தினார். வலியை அறிவிக்கும் செயற்கைக் கருவி ஒன்றைச் செய்யவும் அவர் குழு முயன்றது. அம்முயற்சி வெற்றி பெறவில்லை. அல்லாஹ் ஒவ்வொரு குழந்தைக்கும் விலையின்றி அளித்திருக்கும் அந்தக் காவலாளிக்கு ஈடான ஒன்றை அவர்களால் செய்ய முடியவில்லை.

சுவருக்கு வெளியே வந்த மருத்துவம்

அதே 1955இல் செங்கல்பட்டுப் பகுதியின் பொலம்பாக்கத்தில், பெல்ஜிய மருத்துவர் ஹெமரிக்ஸ் மற்றொரு பணியைத் தொடங்கினார். நோயாளிகளை இல்லத்தில் அடைப்பதை விடுத்து, ஊர் ஊராகச் சென்று மரத்தடியில் அமர்ந்து மருந்து கொடுத்தார். நோயாளர் தம் வீட்டில், தம் பிள்ளைகளோடு இருந்தபடியே சிகிச்சை பெற்றனர். 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் நோயே குணமாகக்கூடியதாயிற்று. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் மாத்திரை உண்டால் போதும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குப் பரவும் தன்மை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

ஆனால் சட்டம் மாற நெடுங்காலம் ஆயிற்று. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. நம் சமுதாயத்தை நேரடியாகத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில், கணவருக்குத் தொழுநோய் இருப்பது மனைவி மணமுறிவு கோருவதற்குரிய காரணங்களுள் ஒன்றாக இருந்தது. பிற சமயத்தவரின் திருமணச் சட்டங்களிலும் இந்நோய் இவ்வாறே இடம்பெற்றிருந்தது. 2019இல் நிறைவேறிய தனிநபர் சட்டத் திருத்தம் இவை அனைத்திலிருந்தும் தொழுநோயை நீக்கியது. நம் ஃபிக்ஹு நூல்கள் பலவற்றிலும் ஜுதாம் மணமுறிவுக்குரிய குறைகளின் பட்டியலில் வருகிறது. மருந்தே இல்லாத காலத்தில், தீங்கைத் தடுக்கும் நோக்கில் எழுதப்பட்டது அது. சட்டம் ஒரு காரணத்தைச் சார்ந்திருந்தால், அக்காரணம் நீங்கும்போது சட்டமும் நீங்கும் என்பது நம் மதரஸாக்களில் கற்பிக்கப்படும் விதியே. குணமடைந்த ஒருவரைத் திருமணத்திலும் விருந்திலும் ஒதுக்குவதற்கு நாம் அந்நூல்களை மேற்கோள் காட்டுவது நியாயமாகாது.

நாம் செய்ய வேண்டியவை

2005இல் நம் நாடு தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து அகற்றிவிட்டதாக அறிவித்தது. எனினும் 2022ஆம் ஆண்டில்கூட இந்தியாவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாக இந்நோய்க்கு ஆளாகியிருப்பது கண்டறியப்பட்டது. கிருமி உடலில் புகுந்து அறிகுறி தோன்றச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை தோன்றி, அவ்விடத்தில் தொட்டாலும் கிள்ளினாலும் உணர்வு குறைந்திருந்தால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். பெண் பிள்ளையின் திருமணப் பேச்சு கெட்டுவிடும் என்று மறைப்போர் நம்மிடையே உண்டு. மறைத்த ஒவ்வொரு மாதமும் ஒரு நரம்பை விலையாகக் கேட்கும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு நம் மார்க்கமே நாள்தோறும் ஐந்து வாய்ப்புகளைத் தருகிறது. உளூவில் கால் கழுவும்போது குதிகால் நனையாமல் விடுவோரை நபிகளார் (ஸல்) கடுமையாக எச்சரித்தார்கள். கால்விரல்களின் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது சுன்னத். குதிகால் வெடிப்பிலும் விரல் இடுக்கிலும்தான் புண் முதலில் ஒளிந்திருக்கும். ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து அவசரமாக நீரை ஊற்றிவிட்டு எழாமல், பாதத்தைத் திருப்பி ஒருமுறை பார்ப்போம். கழுவியபின் இடுக்குகளை ஈரமின்றித் துடைப்போம். உணர்வு குறைந்தவர்கள் வெந்நீரின் சூட்டைப் பாதத்தால் சோதிக்க வேண்டா. வீட்டில் உள்ள வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும். புண்ணில் நீர் படக்கூடாதென்று மருத்துவர் சொன்னால், கட்டின்மீது மஸ்ஹு செய்யவும், தேவைப்பட்டால் தயம்மும் செய்யவும் ஷரீஅத் இடமளித்திருக்கிறது. ஹஜ், உம்ராவில் வெயிலேறிய தரையில் வெறுங்காலோடு நடப்பதை நீரிழிவாளர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

நம்மைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். மருந்து தெளித்த செடியைத் தொட்ட கையோடு உணவுப் பொட்டலத்தைப் பிரிக்காமல், சோப்பிட்டுக் கழுவுவதும், வீடு திரும்பியதும் உடையை மாற்றிக் குளிப்பதும் அந்த மெல்லிய போர்வைக்கு நாம் செய்யும் அமானிதக் காவல்.

அந்தப் பெரியவர் இப்போது நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். விரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று மருத்துவர்கள் அஞ்சினர். அல்லாஹ் அருளால் காப்பாற்றப்பட்டது. எம்.சி.ஆர். செருப்பு அணிந்து பள்ளிக்கு வருகிறார். அவருடைய பேரன் ஒவ்வொரு மஃரிபுக்கு முன்பும் அவர் பாதத்தை விளக்கொளியில் பார்த்துவிட்டே உளூ செய்ய விடுகிறான்.

ஆயினும் ஒன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. அவர் கால் தாங்கி நடந்ததைப் பல வாரங்களாக நாமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருவரும் கேட்கவில்லை. இறைநம்பிக்கையாளர்கள் ஓர் உடலைப் போன்றவர்கள், ஓர் உறுப்பு நோவுற்றால் உடல் முழுவதும் உறக்கமின்றிக் காய்ச்சலுறும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் எத்தனையோ பயான்களில் சொல்லியிருக்கிறோம். அவருடைய பாதத்திற்கு உணர்வு போனது நோயால். அவர் வலியை அறியாதிருந்த மஹல்லாவுக்கு உணர்வு போனது எதனால்?

மறுமையில் மனிதரின் தோல்கள் பேசும், சாட்சி சொல்லும் என ஃபுஸ்ஸிலத் அத்தியாயம் அறிவிக்கிறது. ஒதுக்கப்பட்டவரின் தோலும், ஒதுக்கியவரின் கையும் அந்நாளில் பேசும். அதற்கு முன் நம் உணர்வை மீட்டுக்கொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன்.